சுகர் இருப்பவரின் எலும்பு: ஸ்கேன் சொன்னதும் சொல்லாததும்

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தேன். ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் இருந்தன. முதுகெலும்பில் டி-ஸ்கோர் பிளஸ் 0.4. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில், அதாவது நாம் இடுப்பு எலும்பு என்று சொல்லும் இடத்தில், மைனஸ் 2.1. கீழே ‘ஆஸ்டியோபீனியா’ என்று ஒரே ஒரு வார்த்தை. டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி எலும்பு அடர்த்தியிலிருந்து நாம் எவ்வளவு தள்ளியிருக்கிறோம் என்ற கணக்கு. மைனஸ் 1 வரை இயல்பு. அதற்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவில் இருந்தால் எலும்பு ஓரளவு மெலிந்திருக்கிறது; அதுதான் ஆஸ்டியோபீனியா. மைனஸ் 2.5-ஐத் தொட்டால் ஆஸ்டியோபோரோசிஸ், எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் போட்ட கோடு இது. அந்தக் கோட்டின்படி நான் பாதுகாப்பான பக்கம். ஆனால் அந்த ரிப்போர்ட்டைப் பிடித்திருந்த வலது கை, மாவுக்கட்டிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தது.

எனக்கு டைப் 2 சர்க்கரை நோய். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கண், சிறுநீரகம், பாதம், இதயம் என்று வருடாவருடம் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். அந்தப் பட்டியலில் எலும்பு இருந்ததே இல்லை. போதாக்குறைக்கு நான் ஆண். எலும்பு மெலிவது மாதவிடாய் நின்ற பெண்களின் பிரச்சினை என்றுதான் வீட்டிலும் பேச்சு, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலும் அதேதான். ஓர் இரவு சிறுநீர் கழிக்க எழுந்து போகையில் கால்மிதியின் ஓரம் தடுக்கிக் கீழே விழுந்தேன். கையை ஊன்றினேன், மணிக்கட்டு உடைந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பை இழுத்து நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். “விழுந்தா உடையத்தானே செய்யும்” என்றார்கள் பார்க்க வந்தவர்கள். கட்டுப் போட்ட இடத்தில் வேறு பேச்சே எழவில்லை.

கேள்வி கேட்டவர் பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதுப் பெண். என் விரல்களை மடக்கி நீட்ட வைத்துக்கொண்டே, “எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தீங்க சார்?” என்றார்.

“உயரமெல்லாம் இல்லம்மா. நின்ன இடத்துலதான்.”

“சுகர் இருக்குன்னு சொன்னீங்கல்ல? அப்ப எலும்பு அடர்த்தியையும் ஒரு தடவை பாத்துடுங்க சார்.”

அந்த ஒரு கேள்வியில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று பிற்பாடுதான் விளங்கியது. நிற்கும் உயரத்திலிருந்தோ அதற்கும் குறைவான உயரத்திலிருந்தோ விழுந்து, மணிக்கட்டோ தோளோ இடுப்போ முதுகெலும்போ முறிந்தால் அதை வெறும் விபத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எலும்பின் வலு குறைந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம், ஸ்கேனில் வரும் எண் எதுவாக இருந்தாலும். ஐம்பது தாண்டிய யாருக்காவது இப்படி உடைந்தால், கட்டுப் பிரிக்கும் நாளன்று “எலும்பு அடர்த்தி பார்க்கணுமா டாக்டர்?” என்று நாமே கேட்டுவிடுவது நல்லது. எலும்பு டாக்டர் உடைந்ததைச் சேர்த்துவிடுவார், சுகர் டாக்டர் சுகரைப் பார்ப்பார். ஏன் உடைந்தது என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு சுகர் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் பார்த்தது எண்ணை அல்ல, படத்தை. முதுகெலும்பின் ஓரங்களில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்த இடங்களைப் பேனா முனையால் காட்டினார். வயதோடு வரும் தேய்மானத்தில் எலும்பு ஓரங்களில் வளரும் முட்கள். ஸ்கேன் மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது. குறுக்கே வரும் கால்சியத்தை எல்லாம் எலும்பு என்றே எண்ணிக்கொள்ளும். முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். சுகர் இருப்பவர்களுக்கு அப்படிப் படிவது சகஜம். “இந்த பிளஸ் 0.4-ஐ மறந்துடுங்க. இடுப்பு எண்தான் உங்க எண்” என்றார். முதுகு எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போகிறவர்கள் எத்தனை பேரோ.

அடுத்து மைனஸ் 2.1-க்கு வந்தார். டைப் 2 இருப்பவர்களுக்கு டி-ஸ்கோர் ஏறக்குறைய அரைப் புள்ளி நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கிறது என்பது அவர் சொன்ன கணக்கு. 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதைக் காட்டியது: ஒரே டி-ஸ்கோர் உள்ள இருவரில், சர்க்கரை நோய் உள்ளவருக்கே எலும்பு முறியும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், சர்க்கரை நோயாளிகளுக்கு மைனஸ் 2.5 வரை காத்திருக்காமல் மைனஸ் 2.0-இலேயே எலும்பு மருந்தைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. ஏற்கெனவே லேசான விழுதலில் உடைந்தவர்களுக்கு அந்த எண்ணும் தேவையில்லை. எனக்கு இரண்டுமே பொருந்தின. அடுத்த பத்து ஆண்டில் முறிவு வரும் வாய்ப்பைக் கணக்கிட 2008 முதல் ‘ஃபிராக்ஸ்’ என்று ஒரு கணிப்பான் இருக்கிறது. அதில் டைப் 2-க்கென்று ஒரு கட்டமே கிடையாது. எனவே முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) உண்டா என்ற கட்டத்தில் ‘ஆம்’ போட்டு ஈடுகட்டும் மருத்துவர்கள் உண்டு என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வராத முடக்குவாதம் அன்று கம்ப்யூட்டரில் வந்தது!

அடர்த்தி இருந்தும் ஏன் உடைகிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். டைப் 1-இல் விஷயம் ஒப்பீட்டளவில் நேரானது. எலும்பை வளர்க்க உதவும் ஹார்மோன்களில் இன்சுலினும் ஒன்று. அது சின்ன வயதிலேயே இல்லாமல் போவதால் பலருக்கு எலும்பு முழு அடர்த்தியை எட்டுவதே இல்லை. ஸ்கேனிலும் அது குறைவாகவே தெரியும். டைப் 2-இல் உடல் எடை கூடுதலாக இருப்பதாலும் இன்சுலின் அதிகம் சுரப்பதாலும் அடர்த்தி இயல்பாகவோ அதற்கு மேலாகவோகூட இருக்கும். கெடுவது அடர்த்தி அல்ல, தரம். எலும்பு வெறும் கால்சியம் இல்லை. கொலாஜன் என்ற புரத இழைகளின் மேல்தான் கால்சியம் படிகிறது. பல ஆண்டுகள் ரத்தத்தில் ஏறிக்கிடக்கும் சர்க்கரை அந்த இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்பாக்குகிறது. வெயிலில் காய்ந்த ரப்பர் பேண்டைப் போல: பருமன் குறைந்திருக்காது, இழுத்தால் படக்கென்று அறுந்துவிடும். போதாததற்கு, பழைய எலும்பை அரித்தெடுத்துப் புதிதாகக் கட்டும் வேலையும் சர்க்கரை நோயில் மந்தமாகிவிடுகிறது. அதனால் சின்னச் சின்ன விரிசல்கள் ரிப்பேர் ஆகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன. டெக்ஸா அடர்த்தியை மட்டும்தான் அளக்கும். இந்தத் தரக்குறைவு அதன் கண்ணில் படாது.

அப்புறம் மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன். மூன்றாவதைப் பார்த்ததும் பேனா நின்றது. எலும்பைக் கட்ட வேண்டிய செல்கள் உருவாகும் இடத்திலேயே, அவற்றைக் கொழுப்புச் செல்களாகத் திருப்பிவிடும் குணம் இந்த வகை மருந்துக்கு உண்டு. இதே வகையைச் சேர்ந்த ரோசிகிளிட்டசோனை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு முறிவுகள் கூடுதலாக வந்ததை 2006-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆண்களிடம் அவ்வளவு தெளிவான சான்று இல்லை. இருந்தாலும் ஒரு முறை உடைந்தவருக்கு இது எதற்கு என்று நிறுத்திவிட்டார். கிளிமிபிரைடு எலும்பை நேராக ஒன்றும் செய்வதில்லை. ஆனால் லோ சுகர் ஆக்கும். லோ சுகர் ஆளைக் கீழே தள்ளும். இன்சுலினுக்கும் இதே கதைதான். அதற்காகப் பயந்து யாரும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது, சுகர் எகிறிக் கிடந்தாலும் எலும்புக்குக் கேடுதான். கேட்க வேண்டியது இதுதான்: “இந்த மாத்திரையில லோ சுகர் வருமா? வராததா வேற ஏதாவது இருக்கா?” கானாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரை பற்றியும் கேட்டேன். 2017-இல் வந்த ஆய்வில் முறிவு கூடியது, 2019-இல் வந்த இன்னொன்றில் கூடவில்லை. எனக்கு அதே வகையில் வேறொரு மருந்தை எழுதினார்.

மெட்ஃபார்மின் எலும்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தால் நரம்பு கெடும், நரம்பு கெட்டால் கால் தடுமாறும். இப்படிச் சுற்றி வளைத்து எல்லாம் விழுதலில்தான் வந்து முடிகிறது.

காலணியைக் கழற்றச் சொன்னார். மீன்பிடித் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, குச்சியின் முனையில் பொருத்தியது. பத்து கிராம் அழுத்தத்தில் அது வளைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு, இழை படும்போதெல்லாம் ‘ஆம்’ சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே வந்தேன். சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை, முடித்துவிட்டார் போல என்று கண்ணைத் திறந்தேன். இழை என் இடது பெருவிரலின் அடியில் வளைந்து நின்றுகொண்டிருந்தது. வருடாந்தரப் பாதப் பரிசோதனையில் பலமுறை பார்த்த இழைதான். அதுவரை புண் வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை என்று எண்ணியிருந்தேன். தரை எங்கே இருக்கிறது என்று பெருவிரல் சொல்லாவிட்டால், இருட்டில் கால்மிதியின் ஓரம் எப்படித் தெரியும்? அதன் பிறகு படுத்த நிலையிலும் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் சட்டென்று இறங்கியது. அதுவும் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்படுவதில் ஒரு வகை.

ஆக, என் மணிக்கட்டை உடைத்தது எலும்பு மட்டுமல்ல. இரவில் ஏறிய சுகரால் அடிக்கடி வந்த சிறுநீர், எழுந்ததும் இறங்கிய அழுத்தம், உணர்வில்லாத பெருவிரல், விளக்கில்லாத நடைவழி, ஒரு கால்மிதி. இந்த வரிசையில் எதையாவது ஒன்றை எடுத்திருந்தால் விழாமலே இருந்திருக்கலாம். எலும்பை வலுவாக்க வருடங்கள் ஆகும். கால்மிதியை எடுக்க ஒரு நிமிடம் போதும். வீட்டுக்கு வந்ததும் என் மகள் செய்த முதல் வேலை அதுதான். “அப்பா, இனிமே எழுந்தா கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு அப்புறமா நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, கழிவறை வரைக்கும் ஆள் நடந்தால் தானே எரியும் சின்ன விளக்குகளை மாட்டினாள். வீட்டுக்குள்ளும் பின்பக்கப் பட்டை உள்ள செருப்புதான். கண் டாக்டரிடம் போவதையும் தள்ளிப்போடுவதில்லை. விழித்திரையில் கோளாறு இருந்தால் படிக்கட்டின் கடைசிப் படி தெரியாது.

ரத்தப் பரிசோதனைகளில் கால்சியம், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், தைராய்டு, வைட்டமின் டி, பி12 எல்லாம் பார்த்தார்கள். ஆண் என்பதால் டெஸ்டோஸ்டிரோனும். டைப் 2 ஆண்களுக்கு அது குறைவாக இருப்பது அபூர்வமல்ல, குறைந்தால் எலும்பும் மெலியும். என்னுடையது சரியாக இருந்தது. வைட்டமின் டி-தான் 14 நானோகிராம். 20-க்குக் கீழே போனால் குறைபாடு. எலும்பு மருந்து தொடங்குமுன் இதைச் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும் அபாயம் உண்டு.

கால்சியம் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்குத் தேவை 1,000 முதல் 1,200 மில்லிகிராம். இது உணவையும் மாத்திரையையும் சேர்த்த கணக்கு. ஒரு பெரிய டம்ளர் பாலிலேயே சுமார் 300 வந்துவிடும். முதலில் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, குறைவதை மட்டும் மாத்திரையில் எடுத்தால் போதும். டப்பாவில் ‘கால்சியம் கார்பனேட் 1,250’ என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500-தான். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். ஒரே வேளையில் 500-க்கு மேல் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கால்சியத்தை மட்டும் விழுங்கினால் எலும்பு தேறிவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். அது செங்கல் மட்டும்தான். கட்டுகிற ஆள் வேறு.

எனக்கு எழுதிய எலும்பு மாத்திரை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது, காபி டீயும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். சுகர் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழக்க தோஷத்தில் காலை சுகர் மாத்திரையையோ இன்சுலினையோ முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் அரை மணி நேரம் பட்டினி இருந்தால் லோ சுகரில் போய் முடியும். அன்றைக்கு வரிசையே வேறு: முதலில் எலும்பு மாத்திரை, அரை மணி கழித்து சுகர் பார்த்துவிட்டு சுகர் மருந்தும் சாப்பாடும், கால்சியம் மதியம். என் மனைவி அந்த நாளுக்கு மட்டும் தனி டப்பா வைத்திருக்கிறார். சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அவர்களுக்கு வருடம் ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவர்களுக்கு இரண்டுமே கூடாது, அதனால்தான் கிரியாட்டினின் முதலில்.

தொடங்குமுன் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். இந்த மருந்துகளில் மிக அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு, பல் பிடுங்கிய இடத்தில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். சுகர் இருப்பவர்களின் ஈறு எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிடுங்க வேண்டியதை முன்பே பிடுங்கிக்கொள்வது உத்தமம். இன்னொன்று: ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் என்ற எலும்பு ஊசியில் இருப்பவர்கள் தவணையைத் தவறவே விடக் கூடாது. நிறுத்தினால் மெலிவு வேகமாகத் திரும்பும். முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கியவர்கள் உண்டு. நிறுத்த நினைத்தால் அதற்குப் பதில் என்ன என்று டாக்டரிடம் பேசிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

உடற்பயிற்சிக்கு அதே பிசியோதெரபிஸ்ட்டிடம் திரும்பிப் போனேன். நடைப்பயிற்சி சுகருக்கு நல்லது, எலும்புக்கு அது மட்டும் போதாது என்றார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, ரப்பர் பேண்டை இழுப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. கடைசியானது பார்க்க எளிது. இடது காலில் நின்றபோது மேசையை விட்டுக் கையை எடுக்கவே முடியவில்லை; அதே உணர்வில்லாத பெருவிரல். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்பக்கம் குனிந்து செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். விழித்திரையில் ரத்தக்கசிவு அபாயம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பளு தூக்கக் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும். பாதம் சிவந்து, சூடாகி, வலியே இல்லாமல் வீங்கினால் நடப்பதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். பாதத்து எலும்புகள் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும் சார்கோ பாதமாக இருக்கலாம்.

எடைக் குறைப்பைப் பற்றியும் அவர் எச்சரித்தார். சுகருக்காக எடையை வேகமாகக் குறைப்பவர்கள் இப்போது நிறைய. கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்தே கரைகின்றன. குறைப்பது நல்லதுதான், கூடவே புரதமும் பளுப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்றார். அப்புறம் என்னைச் சுவரோடு நிறுத்தி உயரம் அளந்தார். பழைய அடையாள அட்டையில் இருந்ததைவிட மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நான்கைத் தாண்டினால் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்களாம். முதுகெலும்பு முறிவுகளில் பல வலியே இல்லாமல் நடந்துவிடுபவை. எனக்கு மூன்றிலேயே எடுத்தார்கள். நசுங்கல் எதுவும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து மறு ஸ்கேன். அதே இடம், அதே மெஷின். வேறு மெஷினில் எடுத்தால் ஒப்பிட முடியாது. முந்தின நாளிலிருந்து கால்சியம் மாத்திரையை நிறுத்திவைத்தேன், வயிற்றில் கரையாமல் கிடந்தால் படத்தில் விழுந்துவிடும். உடம்பில் சுகர் சென்சாரோ இன்சுலின் பம்ப்போ மாட்டியிருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடுப்பு எண் மைனஸ் 1.9 என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் மட்டும், “இது மெஷினோட பிழைக்குள்ளேயே அடங்கிடும். குறையலைன்னு எடுத்துக்குங்க, ஏறிடுச்சுன்னு வேண்டாம்” என்றார். மாத்திரை ஐந்து ஆண்டு முடிந்ததும் இடைவெளி விடலாமா, தொடரலாமா என்று பார்ப்பார். நீண்ட காலம் எடுத்தால் மிக அரிதாகத் தொடை எலும்பிலேயே விரிசல் விழும் என்பதால், தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலி வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் பச்சை பேண்டை வாங்கிக்கொண்டு நீலத்தைக் கொடுத்திருக்கிறார். நீலம் கொஞ்சம் முரடு.